கறுப்புத் தோலுக்கு எப்ப சார் டெஸ்டிங்?

பொட்டி தட்டிப் பொழைக்கிற எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும்: டெஸ்ட் பண்ணாம விட்ட கேஸ்தான் கஸ்டமர்கிட்ட போய் வெடிக்கும். அந்த ஒரே தகுதியில இந்தப் பதிவு.

மெலனோமாங்கிற தோல் புற்றுநோய் ரத்தத்துல பரவுதான்னு ஊசி குத்தாமலே பாக்குற கருவி சைட்டோஃபோன். அமெரிக்காவுல ஆர்கன்சா மருத்துவப் பல்கலைக்கழகத்துல விளாதிமிர் ஜாரோவ் குழு செஞ்சது. கையில லேசர் ஒளியை விட்டு விட்டு அடிக்கிறாங்க. ரத்தத்துல ஓடுற புற்றணுவோட மெலனின் அந்த ஒளியை உறிஞ்சி, சூடாகி, விரிஞ்சு, சின்னதா சத்தம் போடும். அல்ட்ராசவுண்ட் சென்சார் அதைக் கேட்டுடும். ஒளி சத்தமாகுற இந்த வித்தை 1880லயே கிரகாம் பெல் கண்டுபிடிச்சது. 2019ல வந்த ஆய்வுல 28 நோயாளிகள்ல 27 பேர்கிட்ட புற்றணு சிக்குச்சு. அபாரம், நானும் கைதட்டுறேன்.

ஆனா சாமி, அந்த ஆய்வு வெளிர் தோல்காரங்ககிட்ட மட்டும்தான் நடந்துச்சு. கறுப்புத் தோல்லயும் அதே மெலனின்தானே நெறைய இருக்கு? லேசர் ரத்தக்குழாய்க்குப் போறதுக்குள்ள தோலே பாதி ஒளியைக் குடிச்சிட்டு, தானும் சத்தம் போடுமே. அதுல புற்றணுவோட முனகலை எப்படிப் பிரிக்கிறது?

"கறுப்புத் தோலுக்கு மெலனோமா அபூர்வம்பா"ன்னு சொல்வீங்க. உண்மைதான். ஆனா வந்தா உள்ளங்கால்ல, நகத்துக்கு அடியிலன்னு ஒளிஞ்சு வரும். பல பேருக்கு முத்தினப்புறம்தான் தெரியும். பாப் மார்லிக்கு 1977ல கால் பெருவிரல் நகத்துக்கு அடியில கண்டுபிடிச்சாங்க. 1981ல, 36 வயசுல, போய்ச் சேர்ந்துட்டார். லேட்டா மாட்டுறவங்களுக்குத்தானே பரவலைப் பாக்குற மெஷின் ரொம்பத் தேவை?

விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் கதையும் இதேதான். உலகம் முழுக்க வித்துத் தள்ளினப்புறம், 2020ல ஒரு அமெரிக்க ஆய்வு சொல்லுச்சு: கறுப்பின நோயாளிகளோட ஆக்சிஜன் குறைவை அது தவறவிட்டது வெள்ளையர்களைவிட கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகம்னு. அதுவும் கோவிட் வருஷத்துல!

"தொழில்நுட்பத்துல முடியாது"ன்னும் ஜல்லியடிக்க வேணாம். சைட்டோஃபோனையே மலேரியாவுக்காக மாத்தி, காமரூன்ல கறுப்புத் தோல் உள்ள பெரியவங்ககிட்ட வெச்சுப் பாத்தாங்க. வேலை செஞ்சுது, 2024ல ஆய்வு வெளியாச்சு. ஆக மனசு வெச்சா முடியும்.

நான் கேக்குறது ஒண்ணுதான். எல்லாத் தோலும் முதல் டெஸ்ட்டுலயே இருக்கணும். "அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்"னு சொல்ல இது மொபைல் ஆப் இல்ல, உசிரு.

மாற்றுக்கருத்து இருக்கா? வாங்க, பின்னூட்டத்துல மோதலாம்.