விலையைக் குறைத்தால் போதுமா?

லைகா எம்11 பாடியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் பலர். விலையைக் கேட்டதும் பத்திரமாகத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். லைகா மலிவாக ஒரு மாடல் போட்டால் கூட்டம் வரும் என்பது கேமரா விற்கும் நம் தொழிலில் அடிக்கடி காதில் விழும் யோசனை. அதை லைகாக்காரர்கள் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள். 1973இல் மினோல்ட்டாவோடு சேர்ந்து கொண்டுவந்த சிஎல், எம் லென்ஸ்களை ஏற்கும் சிறிய கேமரா. நன்றாகவே விற்றது. ஆனால் லைகாவின் சொந்த எம்5இன் விற்பனையில் அது கைவைத்துவிட்டது என்ற பேச்சு எழுந்து, வீட்டுக்குள்ளேயே பங்காளிச் சண்டையாகி, சில ஆண்டுகளில் நின்றுபோனது. அதே பெயரில் 2017இல் வந்த டிஜிட்டல் கேமராவும் 2022இல் முடிந்தது. அதை நம்பி டிஎல் லென்ஸ் வாங்கியவர்கள் இன்று லைகாவின் எஸ்எல் பாடியில் அதை மாட்டலாம். சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் பயன்படும்.

2015இல் வந்த க்யூ வேறு கதை. 28 மி.மீ. லென்ஸ் பாடியோடு நிலையாகப் பொருத்தப்பட்டது, ஆட்டோஃபோகஸ் உண்டு. அதுவும் மலிவில்லை. ஆனால் ‘லென்ஸுக்கு இன்னும் எவ்வளவு ஆகும்?’ என்ற பயத்தைப் போக்கியது.

எம் வரிசையில் அந்தப் பயத்தைப் போக்கும் வழி பழைய சரக்கில் இருக்கிறது. 1954இல் எம்3யோடு வந்த மவுண்ட்தான் இன்றும். அறுபதுகளின் சம்மிக்ரான் லென்ஸ் எம்11இல் அப்படியே உட்காரும். புதியவரைத் தயங்க வைப்பது ரேஞ்ச்ஃபைண்டர்தான். வியூஃபைண்டர் நடுவில் தெரியும் சிறு கட்டத்தில் இரண்டு பிம்பங்கள் ஒன்றானால் ஃபோகஸ். அந்த அமைப்பு மயிரிழை விலகினாலும், எஃப்1.4இல் ஒரு மீட்டரில் எடுக்கும் முகத்தில் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக விழும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இதை யார் சரிபார்த்துக் கொடுப்பது?

எம்9 சென்சாரின் மேல்கண்ணாடி அரித்தபோது லைகா சில ஆண்டுகள் இலவசமாகவே மாற்றிக்கொடுத்தது. இன்றும் பழைய எம்9 கைமாறும்போது முதல் கேள்வி, ‘சென்சார் மாற்றியதா?’ சர்வீஸ் சீட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

தோலும் நிறமும் மாற்றி வரும் லிமிடெட் எடிஷன்கள் ஷட்டர் ஒருமுறைகூடத் தட்டப்படாமல் பீரோவுக்குப் போகின்றன. அவற்றால் புதிய புகைப்படக்காரர் உருவாவதில்லை. வியன்னாவில் லைகா கிளாசிக் கடை பழைய கேமராக்களை விற்கிறது. அதே மரியாதையோடு, சரிபார்த்து வாரண்டி போட்ட பழைய பாடியும் லென்ஸும் ஒவ்வொரு ஊர்க் கடையின் முன் அலமாரிக்கும் வர வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் சீரமைப்புப் பயிற்சி, அதற்கான கருவி, உதிரிபாகம், இத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்று சீட்டில் எழுதித் தரும் உறுதி: லைகாவோடு அடுத்த ஒப்பந்தப் பேச்சில் விற்பனையாளர்கள் கமிஷனுக்கு முன்பாக இவற்றைக் கேட்கட்டும்.