கொலையா என்று கேட்கிறீர்கள், கொள்ளையை யார் கேட்பது?



கொஞ்ச நாளாக நம் குழுக்களில் ஒரே காணொளி திரும்பத் திரும்ப வருகிறது. பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல் செத்தது கொலையா, தற்கொலையா, விபத்தா என்று ஆளாளுக்குத் துப்பறிகிறீர்கள். எப்ஸ்டீன் விவகாரத்தில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற கிலேன் மாக்ஸ்வெல் அவருடைய மகள் என்பதால், பழைய கதைக்குப் புது மவுசு. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு எல்லாக் கேள்வியும் கேட்கிறோமே, அதுதான் என் வருத்தம்.

நடந்தது இது. 1991 நவம்பர் 5 அதிகாலையில், கானரித் தீவுகளுக்கு அருகே தன் உல்லாசப் படகிலிருந்து மாக்ஸ்வெல் காணாமல் போனார். படகின் பெயரும் 'லேடி கிலேன்' தான். சில மணி நேரம் கழித்து அட்லாண்டிக் கடலில் உடல் கிடைத்தது. வயது 68.

அவர் பெயரில் 2 கோடி பவுண்டுக்குக் காப்பீடு இருந்தது. விபத்து என்றாலோ கொலை என்றாலோ பணம் உண்டு. தற்கொலை அல்லது இயற்கை மரணம் என்றால் ஒரு காசு கிடையாது. ஆக, 'கொலை' என்ற சொல்லுக்கே அங்கே 2 கோடி பவுண்டு விலை. ஸ்பெயினில் நடந்த விசாரணையில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மாரடைப்பும் தவறி விழுந்து மூழ்கியதும் சேர்ந்த மரணம் என்று முடித்தார்கள். காப்பீட்டாளர்கள் விடவில்லை. ஜெருசலேமில் அடக்கம் செய்வதற்கு முன்பே, தங்கள் சார்பில் ஒரு பிரிட்டிஷ் நிபுணரை வைத்து இரண்டாவது பிரேதப் பரிசோதனை செய்தார்கள். பணம் தரவும் மறுத்தார்கள்.

இதில் தப்பொன்றும் இல்லை. அவரவர் பணத்துக்கு அவரவர் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள். என் கேள்வி வேறு. செத்த பிறகு 2 கோடிக்காக உடலை இரண்டு முறை அறுத்துப் பார்த்தார்களே, உயிரோடு இருந்தபோது அவர் கையிலிருந்த தொழிலாளர்களின் ஓய்வூதியக் கணக்கை ஒரு முறையாவது யாராவது ஒழுங்காகத் திறந்து பார்த்தார்களா?

அந்த நிதியிலிருந்து போனது 40 கோடி பவுண்டுக்கு மேல். காப்பீட்டுத் தொகையைப் போல 20 மடங்கு. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 32,000 பேர். அச்சு கோத்தவர்கள், இயந்திரம் ஓட்டியவர்கள், குமாஸ்தாக்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த பணம். அந்த நிதியை நிர்வகித்த நிறுவனத்துக்கும் தலைவர் மாக்ஸ்வெல்லேதான். வேலியும் அவர், மேய்ந்ததும் அவர். நிதியிலிருந்த பங்குகளைத் தன் கடனுக்கு ஈடாக வங்கிகளிடம் வைத்தார். வங்கிகளும் இது யாருடைய சொத்து என்று கேட்காமல் வாங்கிக்கொண்டன.

முன்பே தெரியாதா என்றால், தெரியும். பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தைப் பொறுப்பாக நடத்த இவரை நம்ப முடியாது என்று அரசு நியமித்த ஆய்வாளர்களே 1971-இல் எழுதி வைத்தார்கள். 1984-இல் அதே மனிதர் மிரர் குழுமத்தை வாங்கினார். எதிர்த்து எழுதியவர்கள் மீது அவதூறு வழக்குப் போட்டார். செத்த மறுநாள், மிரரைக் காப்பாற்றிய மனிதர் என்று அந்தப் பத்திரிகையே முதல் பக்கத்தில் புகழ் பாடியது. ஒரு மாதத்துக்குள் அதே பத்திரிகை பணத்தைக் காணோம் என்று எழுத வேண்டியதாயிற்று.

"கொலை என்றால் கண்டுபிடிக்க வேண்டாமா சார்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். கட்டாயம் வேண்டும். திருடனைக் கொன்றாலும் கொலை கொலைதான். ஆனால் இத்தனை வருடமாக ஆதாரம் ஒன்றும் வராத ஊகத்தைப் பரப்புவதால் யாருக்கு லாபம்? மாக்ஸ்வெல்லுக்குத்தான். உளவுத்துறை, சதி, நள்ளிரவுக் கடல் என்று சொல்லச் சொல்ல, பென்ஷன் பணத்தை எடுத்தவர் மர்ம நாயகனாகிவிடுகிறார். பணத்தை இழந்த கிழவனையும் கிழவியையும் பற்றி எந்தக் காணொளியும் வருவதில்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. வருடக்கணக்கில் போராடினார்கள். 1995-இல் 27.6 கோடி பவுண்டு இழப்பீட்டுக்கு உடன்பாடு வந்தது. அதே ஆண்டு வந்த ஓய்வூதியச் சட்டம், நிதியின் அறங்காவலர்களில் மூன்றில் ஒரு பங்கினரை உறுப்பினர்களே நியமிக்க வழி செய்தது. யார் கொன்றார்கள் என்று கேட்டவர்களால் வந்த சட்டம் இல்லை அது. எங்கள் பணம் எங்கே என்று கேட்டவர்களால் வந்தது.

மாதம் பிறந்தால் ஓய்வூதியத்தை நம்பி இருப்பவன் நான். அதனால் உரிமையோடு சொல்கிறேன். தனியார் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பிஎஃப் கணக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது நம் நாட்டில் நம்பிக்கை மோசடிக் குற்றம். சில பெரிய நிறுவனங்கள் தாங்களே அறக்கட்டளை வைத்து பிஎஃப் நடத்துகின்றன. அதில் தொழிலாளர் தரப்பு அறங்காவலர் யார், பெயராவது தெரியுமா?

அந்தக் காணொளி 40 நிமிடம் ஓடுகிறது. பாஸ்புக்கைப் பார்க்க 5 நிமிடம் போதும். இன்று இரவு அதைச் செய்யுங்கள். மாக்ஸ்வெல் செத்தது எப்படி என்று நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்