சீசாவுக்குள் கோட்டை

வந்தவாசியில் என் தங்கை வீடு இருக்கிறது. சென்ற தடவை போயிருந்தபோது அவள் மகள் ஒரு குட்டிச் சீசாவைக் கொண்டுவந்து காட்டினாள். உயரம் சுண்டுவிரல் அளவு. விலை ஓர் அரிசி மூட்டை அளவு.

"மாமா, இதிலே பட்டுப் பெப்டைடு இருக்கு. தோலோட பாதுகாப்புச் சுவரைப் பலப்படுத்துமாம்!"

சுவர் என்றதும் எனக்கு ஊர்க் கோட்டை ஞாபகம் வந்தது. 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கேதான் மோதிக்கொண்டார்கள். "இடிந்த மதில் மேல் இதைக் கொஞ்சம் தெளித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆகவே நிதானமாகவே பேசுகிறேன்.

தோலின் மேலடுக்கை விஞ்ஞானிகள் செங்கல் சுவருக்கு ஒப்பிடுகிறார்கள். தட்டையான, உயிரற்ற செல்கள் செங்கல். இடையே நிரம்பியிருக்கும் கொழுப்புதான் காரை. அதில் ஏறக்குறையப் பாதி செராமைடு. மீதி பெரும்பாலும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக, சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியே இருக்கும் நஞ்சு உள்ளே புகாமலும் காப்பது இதுதான். இந்தக் காரையைக் கரைப்பவை சோப்பு, சோடா, வெந்நீர்.

பெப்டைடு என்பது கொழுப்பல்ல, புரதத்தின் துணுக்கு. காரை உதிர்ந்த சுவருக்கு அது எப்படிக் காரையாகும்? உள்ளே போய் வேலை செய்யும் என்கிறார்கள். 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலைக் கடப்பது அரிது என்று போஸ், மைனார்டி என்ற இருவர் 2000-ல் எழுதினார்கள். சுருக்கம் போக்குவதாகப் பெயர் பெற்ற பால்மிட்டாயில் பெண்டாபெப்டைடின் எடை சுமார் 800. பட்டுப் புரதமோ பல்லாயிரம்; அதைத் துண்டு துண்டாக நறுக்கினாலும் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும்.

பெப்டைடு எல்லாமே பித்தலாட்டம் என்பது என் கட்சியல்ல. காயம் பட்டால் தோல் தானாகவே டிஃபென்சின் என்னும் பெப்டைடுகளை உண்டாக்கிக் கிருமிகளோடு போராடுகிறது. பட்டுப் புரதமும் தோலின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். வாஸ்தவம். கிளிசரினும் அதே வேலையைச் செய்கிறது, அற்ப விலைக்கு!

மறுநாள் கல்யாணப் புடவை எடுக்க எல்லோரும் ஆரணிக்குப் போனோம். புடவைக் கடையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க எத்தனை நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அலுத்துப்போன மருமகளை அழைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சாயப் பட்டறையை எட்டிப் பார்த்தேன்.

புழு நூற்ற பட்டு மினுமினுக்காது. இழையைச் சுற்றி ஒரு பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு எடுத்தால்தான் அது கழன்று, நூல் மெதுவாகி, சாயம் சீராகப் பிடிக்கும். அந்தப் பசைக்குப் பெயர் செரிசின். மருமகளின் சீசாவில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததும் அதே செரிசின்தான்!

நூலை அலசிக்கொண்டிருந்தவரின் கைகளை அவள் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சில இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது.

"எரியாதா அண்ணே?"

"சோறு பிசையறப்போதான்மா எரியும். அதனால ஸ்பூன்ல சாப்பிடறேன்."

நாள் முழுதும் செரிசினிலேயே தோய்ந்த கைகள் ஐயா, அவை! சுவர் பலப்பட்டதா? சோப்பும் சோடாவும் காரையைக் கரைத்துக்கொண்டு போயின. செரிசின் வேடிக்கை பார்த்தது.

1940-ம் வருஷத்து மருந்து, அழகுப் பொருள் சட்டத்தின்படி அழகுப் பொருள் என்பது சுத்தம் செய்ய, அழகூட்ட, தோற்றத்தை மாற்ற மட்டும்தான். நோயைத் தீர்க்கிறேன் என்று கிளம்பினால் அது மருந்தாகிவிடும், நிரூபணம் கேட்பார்கள். ஆகவே 'பலப்படுத்தும்', 'செப்பனிடும்' என்று சாமர்த்தியமாக எழுதுகிறார்கள். மருந்தின் மரியாதை வேண்டும்; மருந்தின் பொறுப்பு வேண்டாம்!

சுவர் நிஜமாகவே இடிந்த மனிதருக்கு என்ன வேண்டும்? உள்ளே பருத்தித் துணியோடு முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை. வேலை முடிந்ததும் கையில் தடவ, 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்தப் பழைய வாஸ்லைன். புண் ஆறும் வரை ஈர வேலையிலிருந்து ஓய்வு. ஓய்வு நாளுக்கும் கூலி. ஆறாவிட்டால் தோல் வைத்தியர்.  இவற்றில் எதற்கும் அரிசி மூட்டை விலை இல்லை, அந்தக் கூலி ஒன்றைத் தவிர. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மருமகள் சீசாவைத் தூக்கி எறியவில்லை. நானும் எறியச் சொல்லவில்லை. கொடுத்த பணம் கொடுத்ததுதான். ஆனால் அன்று கடையில் ஜரிகைக்கும் முந்தானைக்கும் நாங்கள் இரண்டு மணி நேரம் பேரம் பேசினோம். நூலை அலசியவருக்குக் கையுறை உண்டா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.