பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நிண்டெண்டோவா? விளையாட்டுப் பட்டியல் மட்டும் இனி விடை சொல்லாது

புதுடெல்லி: 2001-ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலை வெளியிட்டபோது, அதன் விற்பனைக்குப் பெரும் துணையாக அமைந்தது 'ஹேலோ' என்ற ஒரே விளையாட்டு. போட்டி நிறுவனங்களின் கன்சோல்களில் அது கிடைக்கவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், அதே ஹேலோவின் முதல் கதை புதுப்பிக்கப்பட்டு சோனியின் பிளேஸ்டேஷன் 5-இலும் வெளியாகும் என 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

'எந்த விளையாட்டு எதில் கிடைக்கிறது?' என்ற ஒரே கேள்வியை வைத்து கன்சோலைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வலுவிழந்து வருவதை இந்த அறிவிப்பு காட்டுகிறது. ரூ.50 ஆயிரம் அளவுக்குச் செலவிட்டு ஒரு கன்சோலை வாங்கும் இந்தியக் குடும்பத்திற்கு, இனி கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

விளையாட்டே கன்சோலை விற்ற காலம்

நிண்டெண்டோவின் கன்சோல்களில் வளர்ந்த 'ஃபைனல் ஃபேண்டஸி' வரிசையின் 7-ஆம் பாகம், 1997-இல் பிளேஸ்டேஷனில் வெளியானது. கேசட்டைவிட அதிகத் தரவைக் கொள்ளும் சிடி வட்டை சோனி பயன்படுத்தியதே அதற்கு முக்கியக் காரணம். விளையாட்டு இடம் மாறியபோது, ரசிகர்களும் அதனுடன் சென்றனர். அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 2, உலக அளவில் 16 கோடிக்கும் அதிகமாக விற்றது. அதனுடன் போட்டியிட முடியாத சேகா நிறுவனம் 2001-இல் கன்சோல் தயாரிப்பைக் கைவிட்டு, போட்டியாளர்களின் கன்சோல்களுக்கு விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனமாக மாறியது.

மைக்ரோசாஃப்ட் கதவைத் திறந்தது ஏன்?

பிரத்யேக விளையாட்டுகளைப் பெருக்கும் நோக்கில் மைக்ரோசாஃப்ட் பெரும் தொகையைச் செலவிட்டது. பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை வாங்க 750 கோடி டாலரும், ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்க 6,870 கோடி டாலரும் விலையாக அறிவிக்கப்பட்டன. இரண்டாவது கொள்முதல் 2023 அக்டோபரில் நிறைவுற்றது. ஆனால் அது தொடர்பாக அமெரிக்காவில் நடைபெற்ற வழக்கில், கன்சோல் போட்டியில் தாங்கள் தோற்றுவிட்டதாகவும் மூன்றாம் இடத்தில் இருப்பதாகவும் மைக்ரோசாஃப்ட் தரப்பே வாதிட்டது.

அதே வழக்கில் வெளிவந்த சோனியின் ஆவணம் மற்றொரு உண்மையையும் உணர்த்தியது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' விளையாட்டை உருவாக்க சுமார் 22 கோடி டாலர் செலவாகியிருந்தது. இத்தகைய செலவை ஒரே கன்சோலின் பயனர்களிடமிருந்து மீட்பது, குறைவாக விற்கும் நிறுவனத்திற்கு மிகக் கடினம்.

2024 பிப்ரவரியில் நான்கு விளையாட்டுகளைப் பிற கன்சோல்களுக்கும் வழங்குவதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. 2025-இல் 'இண்டியானா ஜோன்ஸ்', 'ஃபோர்ஸா ஹொரைசன் 5', 'கியர்ஸ் ஆஃப் வார்' ஆகியவை பிளேஸ்டேஷன் 5-ஐ அடைந்தன. சோனியும் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டை 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்கு அளித்தது. எனினும் 'காட் ஆஃப் வார்', 'ஆஸ்ட்ரோ பாட்' போன்ற அதன் முதன்மை விளையாட்டுகள் எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. பட்டியலை மட்டும் ஒப்பிட்டால், இன்று பிளேஸ்டேஷனின் கை ஓங்கியிருக்கிறது.

நிண்டெண்டோவின் தனி வழி

மரியோ, ஸெல்டா போன்ற தனது பாத்திரங்களை நிண்டெண்டோ போட்டி கன்சோல்களுக்குத் தருவதில்லை. 2025 ஜூன் 5-இல் வெளியான ஸ்விட்ச் 2, நான்கே நாள்களில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் கணினித் திறன் பிளேஸ்டேஷன் 5-ஐவிடக் குறைவு. கையில் எடுத்துச் செல்லும் வசதியும் சொந்த விளையாட்டுகளுமே அதன் பலம்.

ஆனால் ஸ்விட்ச் கன்சோலை நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக அறிமுகப்படுத்தவே இல்லை. இறக்குமதி செய்யும் கடைகளில் வாங்குவோருக்கு நிறுவனத்தின் உள்நாட்டு உத்தரவாதம் கிடைப்பதில்லை. புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி' என்ற இந்தியத் தொன்மக் கதை விளையாட்டு, 2020-இல் முதலில் வெளியானதும் இதே ஸ்விட்ச் கன்சோலில்தான்.

கணக்கில் பூட்டப்படும் நூலகம்

விளையாட்டுகளைப் பிரித்த சுவர் தாழ்ந்தாலும், பயனரின் கணக்கைச் சுற்றியுள்ள சுவர் உயர்ந்தே நிற்கிறது. பிளேஸ்டேஷன் கணக்கில் வாங்கிய ஒரு விளையாட்டை எக்ஸ்பாக்ஸிலும் விளையாட விரும்பினால், மீண்டும் முழு விலை கொடுத்தே வாங்க வேண்டும். ஐந்தாண்டுகளில் இருபது விளையாட்டுகளைப் பதிவிறக்கமாக வாங்கிய ஒருவருக்கு, கன்சோலை மாற்றுவது என்பது அந்த நூலகம் முழுவதையும் விட்டுச் செல்வதாகும்.

இந்தியாவில் இதன் தாக்கம் அதிகம். பெரிய புதிய விளையாட்டு ஒன்றின் விலை சுமார் ரூ.5 ஆயிரம். வட்டாக வாங்கினால், ஆடி முடித்தபின் விற்கலாம், நண்பருடன் மாற்றிக்கொள்ளலாம். பதிவிறக்கப் பிரதியில் அந்த உரிமை இல்லை. பிளேஸ்டேஷன் 5 இங்கு அறிமுகமானபோது வட்டு வசதியுள்ளதன் விலை ரூ.49,990, வசதி இல்லாததன் விலை ரூ.39,990. வட்டு வசதி இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ரூ.34,990-க்கு வந்தது. முதல் நாளில் மிச்சமாகும் ரூ.10 ஆயிரம், வட்டுகளை மறுவிற்பனை செய்யும் பழக்கம் உள்ளவருக்குச் சில விளையாட்டுகளிலேயே கரைந்துவிடும்.

மாதச் சந்தாவும் நிலையான தீர்வு அல்ல. எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் கட்டணம் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்ந்தது. சந்தா நின்றால், அதன்வழி கிடைத்த விளையாட்டுகளும் நின்றுவிடும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

தனிநபர் கதை விளையாட்டுகளை விரும்பி, ஆண்டுக்கு மூன்று நான்கு மட்டும் வாங்குவோருக்கு வட்டு வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 பொருத்தமானது. பல விளையாட்டுகளைச் சிறிது சிறிதாகச் சுவைத்துப் பார்ப்பவர்களுக்கும், ஏற்கெனவே கணினியில் விளையாடுபவர்களுக்கும் எக்ஸ்பாக்ஸ் சந்தா பயன்படும். கட்டண உயர்வைக் கணக்கில் கொள்வது அவசியம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு நிண்டெண்டோ இனிய தேர்வு என்றாலும், பழுதானால் யாரிடம் செல்வது என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நெருங்கிய நண்பர்கள் எந்தக் கன்சோலை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறிவது நல்லது. வட்டுகளை மாற்றிக்கொள்ள இருவரிடமும் ஒரே கன்சோல் இருக்க வேண்டும். விளையாட்டுகள் எங்கும் கிடைக்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், பணத்தை மிச்சப்படுத்தும் வழி அதுவே.