நகைப்பின் எல்லை: ஏகாதிபத்தியமும் கேலிச்சித்திரமும்

நகைப்பு அதிகாரத்தின் பகை என்பது ஆராயாது ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கைகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கேலிச்சித்திரங்கள் குடியேற்றவாத வெளிநாட்டுக் கொள்கையின் முகமூடியைக் கிழித்தெறிந்தன என்று வரலாற்றாசிரியர் சிலர் போற்றுவர். பாடநூல்களும் அவற்றை ஏகாதிபத்திய எதிர்ப்பின் சான்றுகளாக எடுத்தாளும். இப்பாராட்டு மிகையானது. அச்சித்திரங்களுட் பெரும்பாலானவை கொள்ளையைக் கண்டிக்கவில்லை; கொள்ளையர் தம்முட் பங்கு பிரித்த முறையையே எள்ளி நகைத்தன.

1805இல் ஜேம்ஸ் கில்றே வரைந்த புகழ்பெற்ற சித்திரத்தில், பிரித்தானியப் பிரதமர் வில்லியம் பிற்றும் நெப்போலியனும் உலக உருண்டையைப் பலகாரமாக வெட்டி உண்கின்றனர். 1898இல் பிரான்சின் 'லு பெற்றி ஜுர்னால்' வெளியிட்ட சித்திரத்திலோ விக்ரோறியா மகாராணி, ஜேர்மானியப் பேரரசர், உருசியப் பேரரசர், பிரான்சு, யப்பான் ஆகியோர் சீனமென்னும் பணியாரத்தைச் சூழ்ந்திருக்கின்றனர். இடையே தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் கழிந்தும் உவமை மாறவில்லை. உண்பவர்க்கு முகமும் பெயரும் உண்டு. உண்ணப்படுவது வெறும் மாப்பண்டம். பின்னணியிற் கைகளை உயர்த்தி அலறும் சீன அதிகாரியின் இயலாமையும் அங்கு வேடிக்கைப் பொருளே.

இலண்டனில் 1841இல் தோன்றிய 'பஞ்ச்' சஞ்சிகையின் நிலை இதனினும் தெளிவானது. கேப் நகரிலிருந்து கெய்ரோ வரை தந்திக் கம்பி அமைக்கும் திட்டத்தைச் செசில் றோட்ஸ் முன்வைத்தபோது, அச்சஞ்சிகையின் ஓவியர் லின்லி சம்போர்ண் 1892 டிசம்பரில் அவரைப் பேருருவச் சிலையாகத் தீட்டினார். ஒரு கால் வடமுனையிலும் மறுகால் தென்முனையிலும் ஊன்ற, கையிற் கம்பியும் தோளில் துப்பாக்கியுமாக நிற்கிறார் றோட்ஸ். இன்று இதனை ஏகாதிபத்தியப் பேராசையின் கண்டனமாகக் கொள்வோர் பலர். ஆனால் அவர் காலடியிற் கிடக்கும் ஆபிரிக்காவை உற்றுநோக்குக. அங்கு ஊரில்லை, வயலில்லை, ஒரு மனிதனுமில்லை. ஆளற்ற நிலம் என்னும் ஆக்கிரமிப்பாளனின் பொய்யைக் கேலிச்சித்திரமும் மெய்யாக்கிவிட்டது.

அதே சஞ்சிகை 1857இல் என் செய்தது? வட இந்தியாவிற் கிளர்ச்சி மூண்டபோது, வங்கப் புலியின்மீது பழிவாங்கப் பாயும் பிரித்தானியச் சிங்கத்தை ஜோன் ரெனியல் வரைந்தார். அடுத்த மாதம் நீதிதேவதையே வாளேந்திச் சிப்பாய்களை வெட்டி வீழ்த்தினாள். நையாண்டி அங்கே படைமுரசாயிற்று.

விதிவிலக்கு இல்லையோ எனில், உண்டு. 1906இல் அதே சம்போர்ண், பெல்ஜிய மன்னர் லியோபோல்ட்டின் தலையுடைய பாம்பு கொங்கோ மனிதனை இறப்பர்க் கொடியாய்ச் சுற்றி நெரிப்பதை வரைந்தார். அங்கு ஒடுக்கப்பட்டவனுக்கு உடலும் வேதனையும் கிடைத்தன. அச்சித்திரத்தின் அறச்சீற்றம் போற்றத்தக்கதே. எனினும் அது அயலான் வீட்டுக் குற்றத்தின்மீது எழுந்த சீற்றம் என்பதை மறத்தல் தகாது.

எந்த நகைப்புத் தன்னைச் சுடும் என்பதை அதிகாரம் நன்கறியும். அரை நூற்றாண்டுக்காலம் பேரரசின் பெருமையையும் பிழையையும் வரைந்த ரெனியலுக்கு 1893இல் 'சேர்' பட்டம் வழங்கப்பட்டது. 1906இற் சென்னையில் தோன்றி, பாரதியின் பொறுப்பில் அரசியற் கேலிச்சித்திரத்தைத் தமிழ் இதழியலிற் புகுத்திய 'இந்தியா' வார இதழுக்குக் கிடைத்ததோ வேறு பரிசு. 1908இல் அதன் பதிவுபெற்ற ஆசிரியர் அரசத்துரோகக் குற்றத்திற்காகச் சிறையிடப்பட்டார். இதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிற் புகலடைந்து, 1910இல் ஓய்ந்தது. பலகாரமாக வரையப்பட்டவர்கள் தாமே தூரிகை ஏந்தியபோது அரசு சிரிக்கவில்லை.

ஆதலின் ஒரு கேலிச்சித்திரத்தை மதிப்பிட, அது எந்த அமைச்சரை எள்ளியது என்று வினவுவது போதாது. அதில் யாருக்கு முகம் மறுக்கப்பட்டது, வரைந்தவனுக்கு அரசு எதனை அளித்தது என்பவையே முதல் வினாக்கள். அவ்வினாக்களைத் தொடுக்காத வரலாறு, அரசவை விகடனை அரசின் எதிரியென மயங்கும் வரலாறேயாகும்.