வேலிகாத்தானை எங்கே வெட்டுவது?

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, ஆரணியைத் தொட்டுக்கொண்டு போய்ச் செய்யாற்றில் கலக்கிறது கமண்டல நாகநதி. வருடத்தில் பல மாதம் அதில் மணல்தான் தெரியும். அந்த மணலிலும், ஏரி வாய்க்காலிலும், தறிவீட்டுக் கொல்லையிலும் யாரும் நடாமலே எழுந்து நிற்கிறது வேலிகாத்தான். தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள்.

இதை வெட்டாத ஊர் இல்லை. ஒழித்த ஊரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில், தரைக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் சுற்றிலும் உண்டு. முழங்கால் உயரத்தில் அரிவாளை வீசினால் அவை விழித்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டாக நின்றது, அடுத்த மழைக்கு ஏழெட்டுத் தண்டாகப் புதர் கட்டிவிடும். ஆகவே வெட்டு விழ வேண்டிய இடம் தரைக்கு மேலே அல்ல. சுற்றிலும் மண்ணைப் பறித்து, தரைக்கு ஓர் அடி கீழே வேரை அறுத்துத் தூரோடு பெயர்க்க வேண்டும்.

1877-இல் ஜமைக்காவிலிருந்து இதன் விதையை வரவழைத்து நட்டது அன்றைய மதராஸ் மாகாண வனத்துறை. விறகுக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. பரப்பும் வேலையை ஆடுமாடுகள் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அதில் சேரவில்லை. இனிப்பான நெற்றைத் தின்கிற ஆட்டின் வயிற்றில் விதை சாவதில்லை. புழுக்கையோடு விழுந்து எருவோடு முளைக்கிறது. கென்யாவின் பரிங்கோ பகுதி மக்கள், நெற்றைத் தின்று பல் கொட்டிய ஓர் ஆட்டையே 2006-இல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

தமிழ்நாட்டிலும் வழக்கு நடந்தது. வைகோ தொடுத்த பொதுநல வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட, 2017-இல் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அயல் தாவரங்களை அகற்ற 2022-இல் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனாலும் தூரை விட்டுவிட்டு மேலே வழித்த இடமெல்லாம் மறுபடி பச்சை கட்டியிருக்கிறது.

இந்த வேலைக்கு மழை விட்ட மறுநாள்தான் நல்ல நாள். மண் இளகியிருக்கும்போது, விரல் கனமுள்ள கன்றைக் கையுறை போட்டு அடியில் பிடித்து இழுத்தால் வேரோடு வரும். கட்டைவிரலைத் தாண்டியதற்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் வேண்டும். எதுவானாலும் நெற்று பழுத்து உதிரும் முன் முடித்துவிட வேண்டும். தரையில் நெற்று கிடந்தால் கூட்டி அள்ளி எரிப்பது நல்லது. மண்ணில் புதைந்த விதை பல வருடம் கழித்தும் முளைக்கும்.

முள்ளை அசட்டை செய்யக் கூடாது. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறும். உள்ளே ஒடிந்தால் சீழ் பிடிக்கும். தடித்த தோல் செருப்போ பூட்ஸோ, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, முன்கூட்டியே டெட்டனஸ் ஊசி, இவை இல்லாமல் யாரையும் புதருக்குள் அனுப்புவது தவறு. முதலில் நீளக் கழியால் புதரைத் தட்ட வேண்டும், விரியன் சுருண்டு கிடக்கலாம். பிறகு கவைக்கோலால் கிளையை அழுத்திப் பிடித்து, ஓரத்துக் கிளைகளைக் கழித்துக்கொண்டே அடிமரத்துக்குப் போக வேண்டும்.

தூரைத் தோண்டும் முன் மேலே உள்ளதைக் கழிக்கப் புதர் வெட்டும் இயந்திரத்தை எடுத்தால், அதிலும் கவனம் தேவை. நைலான் நரம்பு புல்லுக்குத்தான். கன்றுக்குப் பல் வைத்த வட்ட பிளேடு. அந்த பிளேடை மணி முகமாக நினைத்துக்கொண்டால், 12-க்கும் 3-க்கும் இடைப்பட்ட பகுதி தண்டில் பட்டால் இயந்திரம் உதறித் திரும்பும். இடப்பக்கத்தால் அறுக்க வேண்டும். கல் தெறிக்கும், 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஆற்றோரத் தூரில் டீசல் ஊற்றுவதும் வேண்டாம். அது ஊர் குடிக்கிற தண்ணீருக்குள் இறங்கும்.

பொது இடத்து மரங்கள் பெரும்பாலும் ஏலத்தில்தான் போகின்றன. எடுப்பவர் விறகின் எடையைப் பார்க்கிறார். தூரைத் தோண்டக் கூலி அதிகம் என்பதால் அதை அப்படியே விட்டுப் போகிறார். தூர்க்கட்டையும் கரி மூட்டத்துக்கு ஆகும் சரக்குதான். தூரோடு எடுத்தால்தான் ஏலம், அடுத்த இரண்டு மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கிய பிறகே வைப்புத்தொகை திரும்பும் என்று ஊராட்சிகளும் நீர்வளத் துறையும் நிபந்தனை போடட்டும். காலியான கரையில் உடனே புங்கனும் வேம்பும் நடப்பட வேண்டும். நிழல் விழுந்த மண்ணில் வேலிகாத்தான் கன்று எளிதில் தேறாது.