தங்கம் போயிற்று, பாதரசம்?

இன்று தேயிலை விளையும் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880 வாக்கில் தங்க வேட்டை நடந்தது. பிரஃப் ஸ்மித் என்ற வெள்ளைக்காரர் தங்கம் உண்டென்று அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் நொடித்தன.

பாறையைப் பொடியாக்கி, பாதரசம் சேர்த்து, சூடாக்கித் தங்கத்தைப் பிரிப்பது அக்கால முறை. பாதரச ஆவி நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. அதைச் சுவாசித்த கூலியாட்களின் கதி என்ன? பாதரசமோ மக்காது, மண்ணில் கிடக்கும்.

எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பழைய கணக்கேடு சொல்லும். எங்கே படிந்தது என்பதை ஓடை வண்டல் சொல்லும். கோடைக்கானலில் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தை மரப்பாசியும் ஏரி மீனும் காட்டிக் கொடுத்தனவே!

தேவாலாவிலும் ஏட்டையும் சேற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கம்பெனிகள் போய்விட்டன, மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.